குழல்விளக்கின் கீழே ஒரு மஞ்சள் சுப்ரா

நெளிவெடுத்த கார்க் கதவு நேராக வந்துவிட்டதா என்று பார்க்க எங்கள் பட்டறையில் பெரிய கருவி எதுவும் கிடையாது. சுவரில் நெட்டுக்குத்தாக மாட்டிய குழல்விளக்கு ஒன்றுதான். வண்டியை அதன் ஓரமாக நிறுத்திவிட்டு, குந்தி உட்கார்ந்து, தகட்டின் மேல் அந்த வெளிச்சக் கோடு எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். வழுக்கிக்கொண்டு போனால் வேலை முடிந்தது. எங்கேயாவது கோடு நடுங்கினால் அந்த இடத்தில் மறுபடியும் பள்ளம் நிரப்பும் புட்டி, மறுபடியும் தேய்ப்பு. 23 வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

போன மாதம் தாமியா கம்பெனியின் டொயோட்டா ஜிஆர் சுப்ரா கிட், அதாவது நிஜ காரில் 24-இல் ஒரு பங்கு (1/24) அளவில் நாமே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல் பெட்டியைத் திறந்ததும் முதலில் செய்ததும் அதையேதான். விளக்கத் தாளைப் பிரிக்கவில்லை. பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒன்றையும் வெட்டவில்லை. காரின் வெள்ளைக் கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சமையலறை விளக்குக்கு அடியில் போய் நின்றேன். பானெட்டில் ஏறிய கோடு, கண்ணாடித் தூண் வழியாகக் கூரைக்குப் போய், பின்சக்கரத்துக்கு மேல் இருக்கும் அந்தப் பெரிய புடைப்பில் இறங்கும்போது ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அப்போதே மனசுக்குள் மதிப்பெண் போட்டுவிட்டேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு பார்த்தது.

இதை எழுதச் சொன்னவன் என் அக்கா மகன். ஐந்தாம் படிவம் படிக்கிறான். சேர்த்து வைத்த காசில் இதே கிட்டை வாங்கலாமா என்று ஒரு வாரமாக என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். "மாமா, இங்கிலீஷ்ல ஆயிரம் பேரு சொல்றாங்க. நம்ம மழைக்கு, நம்ம கைக்கு எப்படி வரும்னு யாரும் சொல்லல. நீங்க எழுதுங்க" என்றான். நியாயமான பேச்சு. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். சுற்றிலும் தோட்டங்கள். நான் பிறந்தது லயத்து வீட்டில். அப்போது ரப்பர் பால்மரம், இப்போது அந்த இடம் முழுக்கச் செம்பனை. நாங்கள் பையன்களாக இருந்தபோது 'தாமியா' என்றால் கம்பெனியின் பெயர் என்றே தெரியாது. பேட்டரி போட்டு, வளைந்து வளைந்து போகும் தடத்தில் விடும் சின்ன கார்களுக்கு அதுதான் பெயர் என்று நினைத்திருந்தோம். டவுனில் ஒரு கடையின் அஞ்சடி நடைபாதையில் தடம் போட்டிருப்பார்கள். சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளில் வந்து நின்று பார்ப்போம். எங்களில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவன் ஒருத்தன்தான், தோட்ட ஆபீஸ் கிராணி வீட்டுப் பையன். பின்னாளில்தான் தெரிந்தது, ஜப்பானின் ஷிசுவோகாவில் 1946-இல் மர ஆலையாகத் தொடங்கி, மர மாடல்கள் செய்து, 1960-இல் யமாதோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு மாறிய கம்பெனி அது என்று. அதை உலகம் அறியும் பெயராக்கிய ஷுன்சாகு தாமியா 2025 ஜூலையில், 90 வயதில் காலமானார். அந்தச் செய்தியைப் பட்டறையில் பசியாறிக்கொண்டே கைப்பேசியில் படித்தேன். சொந்தத்தில் ஒரு பெரியவர் போனது மாதிரி இருந்தது.

கிட்டை மதிப்பிட எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிஜ சுப்ரா ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி பின் மட்கார்டில் ஒரு முழ நீளத்துக்குக் கீறிவிட்டிருந்தது. மலேசியாவில் அரை மில்லியன் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் போன வண்டி. முதலாளி வேறு யாரையும் தொட விடவில்லை. மூன்று நாள் அந்தப் புடைப்போடு குடும்பம் நடத்தினேன். கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வளைவு. கையால் தேய்க்கிறவனுக்கு மூன்று வளைவு: கதவிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வருவது ஒன்று, கூரையிலிருந்து கீழே இறங்குவது ஒன்று, பின்விளக்கை நோக்கி உள்ளே மடங்குவது ஒன்று. மூன்றும் சேரும் இடத்தில் மணல்தாள் பிடித்த கட்டை தட்டையாக உட்காரவே உட்காராது, விரலால்தான் தேய்க்க வேண்டும். அந்த இடத்தை என் உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை.

அந்தக் காரைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 2019 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் காட்டினார்கள். பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து உருவாக்கியது. அவர்களுடைய இசட்4 காரும் இதுவும் ஒரே அடித்தளம், இரண்டும் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மாக்னா ஸ்டெயர் ஆலையில் தயாரானவை. மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ. நீளம் 4,380 மி.மீ., முன்பின் அச்சுகளுக்கு நடுவே 2,470 மி.மீ. அதாவது குட்டையான அடித்தளத்தின் மேல் அகலமான உடம்பு. அந்தக் குட்டைதான் வண்டிக்கு அந்தப் பதுங்கிப் பாயும் தோரணையைக் கொடுக்கிறது. கிட்டில் இது பிசகினால் எல்லாம் போச்சு.

அதனால் அளந்தேன். 1/24 என்பது ஓரடிக்கு அரை அங்குலம் என்ற பழைய கணக்கு. 4,380-ஐ 24-ஆல் வகுத்தால் 182.5. வெர்னியர் அளவுகோலில் கூடு 183-ஐ ஒட்டி வந்தது. 2,470-ஐ வகுத்தால் 103-க்குக் கொஞ்சம் குறைவு. சக்கரம் மாட்டிய பிறகு அச்சு நடுவிலிருந்து அச்சு நடுவுக்கு அளந்ததில் ஸ்கேலில் வித்தியாசம் தெரியவில்லை. 19 அங்குல ரிம் என்றால் 20 மி.மீ. வர வேண்டும், அதுவும் சரி. மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் கணக்குப் போட்டுக் கொடுத்தான்.

ஆனால் அளவு சரியாக இருப்பது வேறு, வடிவம் சரியாக இருப்பது வேறு. நீளம் அகலம் எல்லாம் சரியாக இருந்தும் முகம் ஒட்டாத மாடல்களை நான் பார்த்திருக்கிறேன். வடிவத்தைப் பார்க்க வெளிச்சம்தான் வேண்டும்.

இந்தக் காரின் கூரையில் ஓட்டுபவர் தலைக்கு மேல் ஒரு மேடு, பக்கத்தில் இருப்பவர் தலைக்கு மேல் ஒரு மேடு, நடுவில் பள்ளம். நிஜ வண்டியில் அந்தப் பள்ளம் ரொம்ப மென்மையானது. தண்ணீர் ஊற்றினால் தேங்காமல் பின்னால் ஓடும், அவ்வளவுதான். இதைச் சின்னதாகச் செய்கிறவர்களுக்கு ஒரு சபலம் வரும், பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று பள்ளத்தைக் கொஞ்சம் ஆழமாக்க. இந்தக் கிட்டில் அந்தச் சபலத்துக்கு இடம் கொடுக்கவில்லை. குழல்விளக்கின் கோடு கூரையின் குறுக்கே போகும்போது நடுவில் லேசாகத் தொய்ந்து மறுபடி எழுகிறது. துணி காயப்போட்ட கயிறு தொய்கிற மாதிரி, அவ்வளவே. பின் மட்கார்டிலும் அப்படியே. மூன்று வளைவும் சேரும் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினேன். நிஜ வண்டியில் உள்ளங்கை முழுக்க உணர்ந்தது இங்கே விரல்நுனிக்குள் அடங்கியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் இது சுப்ரா என்று சொல்லிவிடுவேன்.

பானெட் ஓரத்திலும் கதவிலும் காற்றுப் போக்கிகள் மாதிரித் தெரியும் பள்ளங்கள் உண்டு. நிஜ வண்டியில் அவற்றில் பெரும்பாலானவை மூடியவை, கறுப்பு பிளாஸ்டிக் வைத்து அடைத்திருப்பார்கள். கிட்டிலும் பள்ளமாக மட்டும் இருப்பது அதனால் குறையில்லை, உள்ளது உள்ளபடிதான். பளபளப்பு பாதி குறைந்த கறுப்பை மெல்லிய தூரிகையால் வைத்தால் போதும்.

கதவு இடுக்குகளைப் பற்றி ஒரு சேதி. நிஜ வண்டியில் கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 24-ஆல் வகுத்தால் 0.17. ஒரு தாள் இரண்டு தாள் கனம். அவ்வளவு மெல்லிய பள்ளத்தில் பெயிண்ட் போனால் அடைத்துக்கொள்ளும். அதனால் எந்த பிளாஸ்டிக் காரிலும் இந்தக் கோடு நிஜத்தைவிடக் கொஞ்சம் அகலமாகத்தான் இருக்கும், அதை நான் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆழம் போதுமா என்றுதான் பார்ப்பேன். இங்கே போதும். இருந்தாலும் கத்தியின் முதுகால் ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு தடவை இழுத்துவிட்டேன். வரிசையாக ஐந்தாறு பூச்சு ஏறப்போகிறதே.

அடுத்து, எல்லாக் கார்க் கூட்டுக்கும் உள்ள ஒரு வேலை. பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றும் அச்சு பல துண்டாகப் பக்கவாட்டில் விலகித்தான் கூட்டை வெளியே விடும். அந்தத் துண்டுகள் சேர்ந்த இடத்தில் மயிரிழைக் கோடு நிற்கும். மட்கார்டு முகட்டிலும் மூலைகளிலும் விரலால் வருடினால் தெரியும். இதை எடுக்காமல் பெயிண்ட் அடித்தால், பளபளப்பு ஏறிய பிறகு தழும்பு மாதிரி எழுந்து நிற்கும். நான் புது பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மி.மீ. பட்டைதான் போக வேண்டும், கத்தி மரத்தைத் தொடாமல் ஒரு மி.மீ. மிச்சம் வைக்க வேண்டும் என்ற கணக்கு கையிலேயே ஊறியவர். எழுந்து வந்து கூட்டை வாங்கிப் பார்த்தார்.

"கத்திய அமுக்காதடா. அதோட எடையே போதும். பட்டைய எடு, மரத்தத் தொடாத."

சொன்னபடி பிடியைத் தளர்த்திச் சுரண்டினேன். தூள் மாவு மாதிரி வந்தது. அதற்கு முன் வந்தது சுருள் சுருளாக. சுருள் வந்தால் ஆழமாகப் போகிறது என்று அர்த்தம், அவர் சொல்லாமலே அப்போது புரிந்தது. பிறகு 1000 நம்பர் மணல்தாளில் தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்தேன். நெளிவில்லாத நல்ல கூடு என்பதால் புட்டியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

இனி பெயிண்ட். இங்கேதான் நான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைப் போலப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள்தான் இதில் அதிகமாகத் தவறுவார்கள். கையில் நல்ல பெயிண்ட் இருக்கிறது, ஸ்ப்ரே துப்பாக்கி இருக்கிறது, எதற்குக் கடையில் காசு கொடுத்துச் சின்ன டப்பா வாங்க வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மூன்று காரணத்துக்காகக் கூடாது.

நிஜ காரின் மேல் இருக்கும் பூச்சு எல்லாம் சேர்த்து சுமார் 0.1 மி.மீ. கனம். மேலேயும் இருக்கலாம். அதே கனத்தை இந்தக் கூட்டின் மேல் ஏற்றினால் 24 மடங்கு, அதாவது நிஜ வண்டியில் 2.4 மி.மீ. கனத்துக்குப் பெயிண்ட் அப்பியதற்குச் சமம். கூர்மையான விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிப்போகும். அந்த அழகான மட்கார்டு கோடு எதற்கு இருக்கிறது அப்புறம்?

இரண்டாவது, வெள்ளி நிறப் பெயிண்டில் மின்னுகிற அலுமினியத் துகள். பட்டறையில் நாம் அடிக்கிற துகள் 20 மைக்ரான் (0.02 மி.மீ.) என்று வைத்துக்கொண்டாலும், 24-ஆல் பெருக்கினால் அரை மி.மீ. நிஜ காரின் மேல் அரை மி.மீ. மினுக்குத் தகடுகளைத் தூவினால் எப்படி இருக்கும்? திருவிழாச் சேலை மாதிரி இருக்கும். மாடலுக்கென்று விற்கும் பெயிண்டில் துகளை நன்றாகப் பொடித்திருப்பார்கள்.

மூன்றாவது, தின்னர். கார்த் தின்னர் இந்தக் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கடிக்கும். நம்பாதவர்கள் கல்யாண வீட்டில் ஐஸ்கிரீமுக்குக் கொடுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அதே பிளாஸ்டிக்தான். அதன் முதுகில் பட்டறைத் தின்னரை ஒரு சொட்டு விடுங்கள். நான் மருமகனுக்கு அப்படித்தான் காட்டினேன். ஒரு நிமிஷத்தில் மேல்பரப்பு பாளம் பாளமாக வெடித்தது, வறண்ட குளத்தின் தரை மாதிரி. அவன் அந்தக் கரண்டியை இன்னும் மேசையில் வைத்திருக்கிறான்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது மஞ்சள். என் காரை அந்த நிறத்தில்தான் பார்க்க வேண்டுமாம் மருமகனுக்கு. மஞ்சளும் சிவப்பும் ஒளிக்காத நிறங்கள், அடியில் என்ன இருக்கிறதோ அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சாம்பல் நிற பிரைமரின் (அடிப்பூச்சின்) மேல் மஞ்சள் அடித்தால் பச்சை தட்டிய பழுப்பேறும். அதனால் வெள்ளை பிரைமர், அதன் மேல் தாமியா டிஎஸ்-16 மஞ்சள் ஸ்ப்ரே. முதல் பூச்சு மூடவே கூடாது. தூரத்திலிருந்து தூசி படிகிற மாதிரி. பத்து நிமிஷம் விட்டு இரண்டாவது. மூன்றாவதில்தான் மூட வேண்டும். டப்பாவை அடிப்பதற்கு முன் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்து எடுத்தால் துளி பொடியாக விழும். சூடு அதற்கு மேல் போகவே கூடாது, அழுத்தம் ஏறிய டப்பா அது, விளையாட்டில்லை. கூட்டை அதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காய வைத்ததையும் சொல்லிவிடுகிறேன். விரல் எண்ணெய் இருந்தால் பெயிண்ட் அந்த இடத்தில் விலகி மீன்கண் மாதிரிக் குழி விழும். பட்டறையில் அடிக்காமல் வீட்டுப் பின்கட்டில் அடித்ததற்கும் அதுதான் காரணம். பாலிஷில் இருக்கும் சிலிக்கோன் பட்டறைக் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும்.

மஞ்சள் நன்றாக வந்தது. பேசினைக் கவிழ்த்து மூடி, இரண்டு நாள் காய விட்டேன். அப்புறம் செய்த தவறுதான் என் மேல் எனக்கே கோபம் வரவைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நல்ல மழை. நாலரைக்கு விட்டது. வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. திங்கட்கிழமை பட்டறையில் வேலை குவிந்திருக்கும், இன்றைக்கே கிளியர், அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, அடித்துவிடலாம் என்று டிஎஸ்-13 டப்பாவை எடுத்தேன். 23 வருஷ அனுபவம் உள்ளவன் செய்யக்கூடிய காரியமா? அடித்து முடித்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை, பானெட்டில் பனி விழுந்த மாதிரி வெண்மை. கூரையிலும் அதே. அந்த அழகான மஞ்சள் பால் கலந்த தேநீர் மாதிரி மங்கிப்போனது. பையன் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். இந்த லாக்கர் வகைப் பெயிண்டில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். மழை விட்ட நேரத்துக் காற்றில் ஈரம் நிரம்பியிருப்பதால், குளிர்ந்த பரப்பில் அது கண்ணுக்குத் தெரியாத நீராக இறங்கி, காய்கிற பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். அதுதான் அந்த வெண்மை. பட்டறையில் மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்து சமாளித்துவிடுவோம். ஸ்ப்ரே டப்பாவுக்குள் எதைக் கலப்பது?

செய்யக் கூடாதது, பதறிப்போய் உடனே அதன் மேலேயே இன்னொரு பூச்சு அடிப்பது. ஈரம் இன்னும் சேரும். தேய்க்கவும் கூடாது. அப்படியே பேசினைக் கவிழ்த்து வைத்துவிட்டு நான்கு நாள் காத்திருந்தேன். வியாழக்கிழமை பொது விடுமுறை. காலை பதினொரு மணி, முந்தின நாள் மழையில்லை, கொடியில் போட்ட துண்டு ஒரு மணி நேரத்தில் மொரமொரவென்று காய்ந்திருந்தது. அந்தத் துண்டுதான் எனக்கு ஈரமானி. அப்போது அதே கிளியரை மிக மெல்லியதாக, தூரத்திலிருந்து ஒரு பூச்சு மட்டும். புதுப் பூச்சின் கரைப்பான் பழையதை லேசாக இளக்கும், சிக்கியிருந்த ஈரம் வெளியே போகும். கண் முன்னாலேயே வெண்மை பின்வாங்கி, உள்ளேயிருந்து மஞ்சள் மேலே வந்தது. பையன் "மாமா!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

முழுசாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின் கண்ணாடிக்கு அடியில், தட்டையான ஒரு விரல்கடை இடத்தில் லேசான மங்கல் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் தெரியும். விட்டுவிட்டேன். அதை எடுக்கப் போனால் பூச்சு கனத்துவிடும்.

ஒரு வாரம் கழித்து 2000, 3000 மணல்தாளில் தண்ணீரோடு தேய்த்து, தாமியாவின் மூன்று பாலிஷையும் வரிசையாகப் போட்டேன், சிவப்பு மூடி, நீல மூடி, கடைசியில் வெள்ளை மூடி. விளிம்புகளில் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாகத்தான் நிற்கும், அங்கே தேய்த்தால் அடி வெள்ளை தெரிந்துவிடும். ஆகவே தேய்ப்பதற்கு முன் எல்லா விளிம்பிலும் டேப் ஒட்டிவிடுங்கள். நிஜ வண்டிக்கும் இதே முறைதான்.

கண்ணாடிக்கு வருகிறேன். நிஜ காரின் முன் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புப் பட்டை இருக்குமல்லவா, அதை அடிப்பதற்கு மறைப்பு ஸ்டிக்கர் பெட்டியிலேயே வருகிறது. கோடு போட்டிருக்கும், வெட்டிக்கொள்ள வேண்டியது நாம். புது பிளேடு வேண்டும், பழையது ஸ்டிக்கரை இழுத்துச் சுருக்கிவிடும். உள்பக்கமிருந்து கறுப்பு அடித்து ஸ்டிக்கரை உரித்தபோது விளிம்பு ஆலையில் போட்ட மாதிரி வந்தது. டேப் ஒட்டி இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் இந்த ஸ்டிக்கரின் அருமை தெரியும். சின்னங்களும் எழுத்துகளும் உலோகத் தகடு ஸ்டிக்கராக வருகின்றன. நகத்தால் தேய்த்து ஒட்டிய பிறகு விளிம்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கண்ணாடிப் பாகத்தின் பக்கத்தில் சூப்பர் குளூவைக் கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவியே பனி மூட்டம் போட்டுவிடும். மருமகன் அவனுடைய பழைய மாடல் ஒன்றை அப்படித்தான் கெடுத்தான்.

என்ஜினை எதிர்பார்ப்பவர்களுக்கு இது அல்ல. பானெட் திறக்காது. வண்டியைக் கவிழ்த்தால் அடிப்பக்கம் புகைக்குழாய், கியர் பெட்டியின் அடி, சக்கரம் தாங்கும் கைகள் எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். அலமாரியில் வைத்த பிறகு அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், நான் பார்ப்பேன். ஆனாலும் திறக்காத பானெட்டைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. திறக்கிற பானெட் என்றால் தனித் துண்டு, தனித் துண்டு என்றால் இடைவெளி, இடைவெளி வந்தால் அந்த வெளிச்சக் கோடு அங்கே உடையும். இந்தக் காருக்கு உடம்புதான் எல்லாமே. ஆறு சிலிண்டரை ஒவ்வொன்றாகக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் என்ஜினோடு வருகிற வேறு கிட்டைத் தேடிக்கொள்ளலாம். உள்ளே இருக்கைகளும் டாஷ்போர்டும் கறுப்பில் கறுப்பு. பளபளப்பு வித்தியாசத்தில் இரண்டு மூன்று கறுப்பு வைத்தால் உயிர் வரும், ஒரே கறுப்பை அடித்தால் குகை மாதிரி ஆகிவிடும்.

விலை. பக்கத்து நகரமான ஈப்போவில் நான் வாங்கியபோது கிட் 150 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே. பிரைமர், மஞ்சள், கிளியர், பசை, பிளேடு, பாலிஷ் எல்லாம் சேர்த்தால் 300-ஐ நெருங்கும். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று இருக்கும்போது, தோட்டத்து வீட்டுக்கு அது ஆறில் ஒரு பங்குக்கும் மேல். சும்மா வாங்கு என்று எந்தப் பையனிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் மருமகனிடம் ஒரு ஏற்பாடு. கிட்டுக்கு மட்டும் அவன் காசு. பிரைமர், கிளியர், பாலிஷ் என்னிடம் மிச்சம் இருப்பதே போதும். பசையும் கத்தியும் பொது. இப்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஆளுக்குச் செலவு குறையும். ஒரு முறை இணையத்தில் வாங்கிப் பெட்டி நசுங்கி, கண்ணாடிப் பாகம் விரிசலோடு வந்து சேர்ந்தது. ஆகவே முடிந்தால் பஸ் ஏறிப் போய்க் கையால் வாங்குங்கள், கடைக்காரரிடம் கேட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கண்ணாடித் துண்டில் கீறலில்லை, கூட்டில் நெளிவில்லை என்றால் பணத்தைக் கொடுக்கலாம். இந்தக் கிட்டுக்கு நான் கொடுத்த காசுக்கு வருத்தமில்லை. முதல் முறையாகக் கார் கட்டுகிறவருக்கும் இதையே சொல்வேன், பாகங்கள் அதனதன் இடத்தில் இடித்துப் பிடிக்காமல் உட்காருகின்றன, கவனமெல்லாம் பெயிண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெரிய சக்கரப் புடைப்பின் மேல் விளக்கு விழுகிற மாதிரி அலமாரியின் இரண்டாவது தட்டில் வைத்திருக்கிறேன். அப்பா காலையில் கோப்பிக் கோப்பையோடு அந்தப் பக்கம் போகும்போது நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.

மருமகன் நேற்று ஈப்போ போய் அவனுடைய பெட்டியை வாங்கி வந்துவிட்டான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து கூட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறான். தன்னுடைய காருக்கு அவனுக்குச் சிவப்பு வேண்டுமாம். மேலே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. கொடியில் துண்டைப் போட்டு வைத்திருக்கிறேன், அது காயாமல் டப்பாவைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.